இரண்டு கையால் வாங்கிய விமானம்

விமானப் பயிற்றுநர் தேர்வில் நான் முதல் தடவை தோற்றதற்குக் காரணம் மரியாதை. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்களில் ஒருவர்கூட வயதில் மூத்த ஒரு மனிதரின் கையிலிருந்து எதையாவது பிடுங்கிப் பார்த்திருக்க மாட்டார்கள், அதுவும் ஆகாயத்தில் வைத்து.

எனக்கு விமானம் ஓட்டத் தெரியும். லைசன்ஸ் இருக்கிறது. கொழும்புக்குப் பக்கத்தில், இரத்மலானையில் ஒரு சின்னப் பயிற்சிப் பள்ளியில் காலையில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து போன் எடுப்பேன், மத்தியானத்துக்கு மேல் பறப்பேன். அப்படித்தான் வருஷக்கணக்காகப் படித்தேன். ஆனால் ஓட்டுவது வேறு, ஓட்டச் சொல்லிக்கொடுப்பது வேறு. பயிற்றுநராக வேண்டுமென்றால் முதலில் இருக்கை மாற வேண்டும். மாணவர் இடது பக்கம், பயிற்றுநர் வலது பக்கம். அத்தனை நாளும் இடது கையால் ஸ்டியரிங்கையும் வலது கையால் எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ரொட்டிலையும் பிடித்தவள், இப்போது எல்லாவற்றையும் கைமாற்றிப் பிடிக்க வேண்டும். (விமானத்தில் ஸ்டியரிங்குக்கு வேறு பெயர் உண்டு. எங்கள் வீட்டில் அது ஸ்டியரிங்தான், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.) கூடவே வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்க வேண்டும்: இப்போது மூக்கை இறக்குகிறேன், இதனால் இறக்குகிறேன், இறக்காவிட்டால் இன்னது ஆகும் என்று. வாய் விஷயத்தில் எனக்கு எந்தக் காலத்திலும் குறை இருந்ததில்லை. கையும் கொஞ்ச நாளில் பழகிவிட்டது.

பழகாதது ஒன்றே ஒன்று. மாணவர் ஏதாவது ஏடாகூடம் செய்தால், பயிற்றுநர் "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று சொல்லி விமானத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். அனுமதி கேட்கக் கூடாது, கெஞ்சக் கூடாது. சொன்ன மாத்திரத்தில் ஒரு கை ஸ்டியரிங்கில், மறு கை த்ரொட்டிலில் இருக்க வேண்டும்.

தேர்வு நாளன்று எனக்கு மாணவராக நடித்தவர் தேர்வாளரே. ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி, சிங்களவர், நரைத்த மீசை, அதட்டாத குரல். மாணவர்கள் செய்யக்கூடிய எல்லா முட்டாள்தனத்தையும் அவர் ஒவ்வொன்றாகச் செய்து காட்டுவார், நான் சமாளிக்க வேண்டும். ஓடுபாதையை நெருங்கி இறங்கிக்கொண்டிருக்கும்போது அவர் வேண்டுமென்றே மூக்கை மேலே தூக்கினார். வேகம் குறைந்தது. நான் என்ன செய்தேன்? "மூக்கு கொஞ்சம் மேலே போகிற மாதிரி இருக்கிறது, இல்லையா சேர்?" என்று இங்கிலீஷில் பணிவாகக் கேட்டேன். அப்படியா என்று கேட்டுவிட்டு இன்னும் தூக்கினார். "முடிந்தால் கொஞ்சம் இறக்கலாமே சேர்" என்றேன். எச்சரிக்கை மணி அலற ஆரம்பித்தது. நான் அப்போதும் சேர், சேர் என்று இழுத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அந்த மனிதருக்கே பொறுக்காமல், "யூ ஹேவ் கன்ட்ரோல்" என்று அவராகவே விமானத்தை என்னிடம் கொடுத்தார்.

நான் வாங்கினேன். இரண்டு கையாலும் வாங்கினேன். தலையைக் கொஞ்சம் குனிந்து, "தேங்க்யூ சேர்" என்றேன். த்ரொட்டிலை யாருமே பிடிக்கவில்லை.

பிறகு அவர்தான் விமானத்தைத் தரையிறக்கினார். இறங்கி நடந்து வரும்போது, திட்டாமல், ஆச்சரியத்தோடு சொன்னார்: "மகள், நான் உனக்கு விமானத்தைக் கொடுத்தேன். நீ பரிசளிப்பு விழாவில் கோப்பை வாங்குவதுபோல வாங்கினாய்."

பள்ளியின் தலைமைப் பயிற்றுநர் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். ஒரு பயிற்றுநர் இடம் காலியாக இருந்தது. இரண்டாவது தடவையும் தோற்றால் அதற்கு வெளியிலிருந்து ஆள் எடுத்துவிடுவார்கள். நான் மேசையில் உட்கார்ந்து, பறக்க ஆசைப்படுகிறவர்களுக்கெல்லாம் போனில் வழி சொல்லிக்கொண்டிருக்கலாம், ஆயுசுக்கும். மறுதேர்வு வரைக்கும் வீட்டுக்குப் போ, யாரையாவது உட்காரவைத்துச் சொல்லிக்கொடு, பெரியவர்கள் கையிலிருந்து பொருளை எடுத்துப் பழகு என்று அனுப்பிவைத்தார். சொல்வதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை.

எங்கள் வீடு மலைநாட்டில், அக்கரப்பத்தனைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று. அங்கே பெரியவர்கள் எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் வாங்க வேண்டும். கோயில் திருநீறு என்றாலும் சரி, கடையில் மிச்சக் காசு என்றாலும் சரி. இடது கையை மட்டும் நீட்டினால் மணிக்கட்டில் ஒன்று விழும். நான் சின்ன வயதில் வாங்கிய அடிகளில் பாதி இந்த இடது கையால் வந்தது. அவர்களாகக் கொடுக்காமல் நாமாக எடுப்பது என்பதைப் பற்றி யாரும் சொல்லித் தந்ததே இல்லை. அப்படி ஒரு காரியம் உலகத்தில் இருப்பதாகவே யாரும் நினைக்கவில்லை.

தலவாக்கலையில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் பிடித்து, நான் வீட்டுக்கு வருவதற்கு முன்பே கதை வந்து சேர்ந்திருந்தது. நான் தோற்ற கதை இல்லை. அதை அம்மாவிடம்கூடப் பிறகுதான் சொன்னேன். "பிளேன் ஓட்டுற வேலை கெடைக்கல போல, அதான் டியூஷன் குடுக்கப் போறா" என்பது லயத்தில் எல்லாருடைய முடிவு. பீலிக்கரையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா, கவலைப்படாதே, கவர்மெண்டில் கேட்டால் ஏதாவது பள்ளிக்கூடத்தில் போடுவார்கள் என்று எனக்கு ஆறுதல் சொன்னார். நான் சிரித்து மழுப்பினேன். உள்ளுக்குள் பற்றி எரிந்தது.

முதலில் வாசலில் வகுப்பு வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லை, மழையும் இல்லை. அம்மா, அப்பா, பக்கத்து வீட்டு அண்ணன் அண்ணி, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று ஒரு கூட்டமே கூடிவிட்டது. உள்ளங்கையை இறக்கையாக நீட்டி, காற்று எப்படித் தூக்குகிறது, மூக்கை ரொம்பத் தூக்கினால் ஏன் விமானம் தொப்பென்று விழுகிறது என்று விளக்கினேன். கிளம்புமுன் விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்க்க வேண்டும், சக்கரம் உருளாமல் அண்டை கொடுத்திருக்கும் கட்டையை எடுக்க வேண்டும் என்பதுவரை ஒன்று விடாமல் சொன்னேன்.

புரிகிறதா என்று கேட்டேன். "நல்லா புரியுதுங்க" என்றார்கள் ஒரே குரலில். எங்கள் ஆட்களுக்கு இது பெரட்டுக்களத்திலிருந்து வந்த பழக்கம். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்தில் என்ன சொன்னாலும் "சரிங்க" என்று சொல்லிவிட்டு, பிறகு தங்களுக்குள் என்ன சொன்னார் என்று கேட்டுக்கொள்வது. என்ன புரிந்தது என்று நான் விடாமல் கேட்டேன். கடைசியில் பக்கத்து வீட்டு அண்ணன் எழுந்து நின்று, "பத்தரமா இருக்கணும்னு சொல்றீங்க" என்றார். அம்மாவுக்கு மட்டும் ஒரே பெருமை. நான் இங்கிலீஷ் கலந்து நன்றாகப் பேசினேனாம்.

சொல்லிக்கொடுப்பது போகட்டும், எடுப்பதையாவது பழகுவோம் என்று அப்பாவைப் பிடித்தேன்.

அப்பா தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டியவர். மலையிலிருந்து பேக்டரிக்குக் கொழுந்து ஏற்றிக்கொண்டு போவார், வருவார். ஓய்வுபெற்ற பிறகு பழைய வேன் ஒன்றை வாங்கிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறார். வேன் கோயிலுக்குக் கீழே சரிவான பாதையில் நிற்கும். ஹேண்ட்பிரேக் செத்து எத்தனையோ காலமாகிறது. கியரில் போட்டு, முன் சக்கரத்துக்கு ஒரு பெரிய கல்லை அண்டை கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். அந்தக் கல்லின்மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை சாமிமேல்கூட இருந்ததா என்பது சந்தேகம்.

எங்கள் நாட்டு வாகனத்தில் டிரைவர் உட்காருவது வலது பக்கம். பயிற்றுநர் இருக்கையும் வலது பக்கம்தான். கியர் லீவர், த்ரொட்டில் போலவே என் இடது கைக்கு வாகாக இருந்தது. இதைவிட என்ன வேண்டும்? நான் அப்பாவின் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, அவரை இடது பக்கம் உட்காரவைத்தேன். தன் வேனில் அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்ததே இல்லை. வேன் ஓடாமல் நிற்கும்போதும் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே இருந்தார். அவர் கையில் சோற்றுப்பானை மூடியை ஸ்டியரிங் என்று கொடுத்தேன்.

"இறுக்கிப் பிடிச்சிக்கங்கப்பா. நான் எடுக்குறேன்னு சொன்னாலும் விடக் கூடாது" என்றேன்.

"சரிங்க" என்றார்.

நான் "ஐ ஹேவ்" என்று வாயைத் திறந்ததும் மூடியை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். நான் என்னையறியாமல் இரண்டு கையாலும் வாங்கினேன். விடக் கூடாதுப்பா என்று திருப்பிக் கொடுத்தேன். சரிங்க என்றார். மறுபடியும் நீட்டினார். அப்பாவும் மகளும் வேனுக்குள் உட்கார்ந்து பானை மூடியைத் தாம்பூலத் தட்டுப்போல மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "எதுக்குப்பா என்கிட்ட இந்த ‘ங்க’ போட்டுப் பேசுறீங்க?" என்று கத்தினேன்.

அவர் மூடியை மடியில் வைத்துக்கொண்டு, "படிச்சிக் குடுக்குற எடத்துல இருக்கீங்கள்ல" என்றார்.

அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்ன சொல் அது. தோட்டத்தை நிர்வகிக்கும் தொரைமாரிடம், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம், கிளாக்கரையாவிடம், பேக்டரி ஆபீசரிடம். கார் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டும் சொல்வார், மழையில் நனைந்துகொண்டும் சொல்வார். அதை இப்போது என்னிடம் சொன்னார். அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை, சந்தோஷமாகத்தான் சொன்னார். அழுகை வந்தால் எனக்குக் கோபப்படத்தான் தெரியும். இனிமேல் நீங்கள் எனக்கு மாணவர் இல்லை என்று அவரை இறக்கிவிட்டேன். அதற்கும் சரிங்க என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அப்போதுதான் அத்தை வந்தார். அத்தை என்றால் அப்பாவின் அக்கா, லயத்தில் எங்களுக்குப் பக்கத்துக் காம்பரா அறையில் தனியாக இருக்கிறவர். கொழுந்து பறித்த காலத்தில் எந்தக் கங்காணிக்கும் சரிங்க என்று சொன்னதில்லை என்பது ஊரறிந்த விஷயம். அதற்காக அவரை எத்தனை தடவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள் என்பதும் ஊரறிந்த விஷயம். ஜன்னல் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்று எங்கள் கூத்தையெல்லாம் பார்த்தவர், கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து மூடியை எடுத்துக்கொண்டார்.

"இப்ப வாங்குடி பாப்போம்" என்றார்.

அன்றிலிருந்து தினமும் மாலையில் அத்தைக்கும் எனக்கும் யுத்தம். லயமே தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து உட்கார்ந்துவிடும். அத்தை எதையும் சும்மா ஒப்புக்கொள்ள மாட்டார். காற்றுத்தான் தூக்குகிறது என்றால் காற்றில்லாத நாளில் என்ன செய்வாய் என்பார். ஓடுகிற வேகத்தில் காற்று வரும் என்றால், அப்படியானால் உன் அப்பன் லொறி ஏன் ஒரு நாளும் எழும்பவில்லை என்பார். லொறிக்கு இறக்கை இல்லை அத்தை என்றால், வைத்துப் பார்த்தார்களா என்பார். எனக்கு மண்டை காய்ந்துவிடும். மூடியையும் விடமாட்டார். நான் ஐ ஹேவ் கன்ட்ரோல் என்பேன், அவர் "ஒனக்கு எங்கருந்து வந்துச்சு?" என்பார். நான் இழுப்பேன், அவர் இழுப்பார், என் இடது கை பழக்கதோஷத்தில் உதவிக்குப் போகும், அத்தை அதை ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவார். இடது கையை நீட்டியதற்காக அடித்துப் பழகிய கை. இப்போது என்ன விசேஷம் என்றால், அவர் அடிக்க அடிக்க அந்தக் கை மூடிப் பக்கமே போகாமல் கியர் லீவரிலேயே கிடக்கப் பழகிவிட்டது. மறுதேர்வு நெருங்க நெருங்க, மூடியை வலது கையால் மட்டும் பிடுங்க எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்தது.

நான் கொழும்புக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் மாலை. மழை பெய்து ஓய்ந்து பாதை சொதசொதவென்று கிடந்தது. நான் முதலில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அத்தை ஏறுவதற்கு முன் வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முன் பக்கம் குனிந்து ஏதோ செய்தார். செருப்பைக் கழற்றுகிறார் என்று நினைத்தேன். ஏறி உட்கார்ந்து, மூடியைப் பிடித்து, "கெளம்பு" என்றார்.

நான் வழக்கம்போலச் சொன்னேன்: இப்போது விமானம் உங்கள் கையில் இருக்கிறது, இறங்கிக்கொண்டிருக்கிறோம், நீங்கள் மூக்கை ரொம்பத் தூக்கிவிட்டீர்கள். அத்தை மூடியை நெஞ்சோடு அணைத்து இழுத்தார். நான் த்ரொட்டில் கூட்டுவதாகப் பாவித்து கியர் லீவரை முன்னால் தள்ளினேன். கியர் விலகியது. மற்ற நாளிலும் விலகும், கல் இருப்பதால் ஒன்றும் ஆகாது.

வேன் நகர்ந்தது.

முதலில் நான் அதை நம்பவில்லை. தேயிலைச் செடிகள் ஜன்னலில் பின்னால் போக ஆரம்பித்தன. கோயில் வாசலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவர்கள் எழுந்தார்கள். அத்தை நேரே பார்த்துக்கொண்டு மூடியை இடது பக்கம் திருப்பினார், ஏனென்றால் பாதை இடது பக்கம் வளைந்தது.

அந்த நொடியில் நான் செய்ததை எந்தத் தேர்வாளர் பார்த்திருந்தாலும் எழுந்து கைதட்டியிருப்பார். "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்றேன், தெளிவாக, உரக்க. இடது கை லீவரை விட்டு அசையவில்லை. வலது கையால் எட்டி, ஒரே வெட்டில், அத்தையின் பிடியிலிருந்து மூடியைப் பறித்தேன். எவ்வளவு நேர்த்தி! பறித்த மூடியை என் பக்கம் கொண்டுவந்து இடது பக்கம் திருப்பினேன். வேன் நேரே போய்க்கொண்டிருந்தது.

"ஏ கழுத! மூடிய வீசிட்டு ஸ்டேரிங்கப் புடிடி! பிரேக்க மிதி!" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. அப்பா ஓடிவந்துகொண்டிருந்தார்.

மூடியை வீசினேன். என் மூக்குக்கு முன்னாலேயே அத்தனை நாளும் இருந்த உண்மையான ஸ்டியரிங்கைப் பிடித்து, பிரேக்கின்மேல் ஏறி நின்றேன். வேன் ஈரத்தில் வழுக்கி, அரைவட்டம் அடித்து, முன் சக்கரம் ஒன்றைப் பாதையோரம் தண்ணீர் ஓடும் கானுக்குள் இறக்கிவிட்டு, தேயிலைமேல் சாய்ந்து நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அத்தை சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "இப்புடித்தான் எறங்குமா?" என்று கேட்டார்.

கல்லை ஏன் எடுத்தீர்கள் என்று நான் அலறினேன். அவருக்கு என் கேள்வியே புரியவில்லை. "நீதானடி சொன்ன, கெளம்புறதுக்கு முந்தி அண்டைய எடுக்கணும்னு" என்றார். வாசலில் வைத்த வகுப்பில் அத்தனை பேரும் நல்லா புரியுதுங்க என்றார்கள். கூட்டத்தில் சேராமல் தூரத்தில் நின்று ஒரு வார்த்தை பேசாத அத்தை மட்டும் பாடத்தைக் கேட்டிருக்கிறார். பயிற்றுநராக என் முதல் வெற்றி கானுக்குள் ஒரு சக்கரத்தோடு சாய்ந்து கிடந்தது.

அப்பா வந்து சேர்ந்து கதவைத் திறந்தார். அவர் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. எருமை, கூறுகெட்டது, பிள்ளைகள் ஏறுகிற வண்டிடி இது, படிச்ச திமிரு என்று மூச்சு விடாமல் வாங்கு வாங்கென்று வாங்கினார். ஒரு ‘ங்க’ இல்லை, மருந்துக்குக்கூட இல்லை. நான் சேற்றில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெட்கமாகவும் இருந்தது, சொல்லப்போனால் வயிறு குளிர்ந்த மாதிரியும் இருந்தது. ஊரே சேர்ந்து கயிறு கட்டி வேனை இழுத்து மேலே ஏற்றியது. பம்பர் நசுங்கியதோடு போயிற்று.

மறுதேர்வுக்கு அதே தேர்வாளர்தான் வந்தார். மேசையில் என் இடத்துக்கு வந்திருந்த புதுப் பெண், போனில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டே எனக்குக் கட்டைவிரலைக் காட்டினாள். இன்றைக்குத் தோற்றால் அவளை எழுப்பிவிட்டு நான் அங்கே உட்கார வேண்டும் என்ற நினைப்போடுதான் விமானத்தில் ஏறினேன்.

அவர் ஒன்றொன்றாக முட்டாள்தனம் செய்தார், நான் ஒன்றொன்றாகச் சரிசெய்தேன். கடைசியில் இறங்க வரும்போது, அதேபோல மூக்கைத் தூக்கினார். வேகம் விழுந்தது. மணி அலறியது. "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்றேன், கையும் வைத்தேன். ஆனால் அவர் இந்தத் தடவை விடவில்லை. பயந்துபோன மாணவர்கள் அப்படித்தான் செய்வார்களாம், ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொள்வார்களாம். நான் மறுபடி சொன்னேன். அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டு இறுக்கிப் பிடித்திருந்தார். கீழே ஓடுபாதை, அதைத் தாண்டி கடல்.

இங்கிலீஷ் எங்கே போனதென்று தெரியவில்லை. "கைய எடுங்கங்குறேன்ல!" என்று அத்தையிடம் போடுகிற சத்தத்தைப் போட்டேன். அவர் கை தானாகக் கழன்றது. வலது கையால் மூக்கை இறக்கி, இடது கையால் த்ரொட்டிலை முன்னால் தள்ளி, விமானத்தை மேலே கொண்டுபோய், ஒரு சுற்று வந்து, பொறுமையாக இறக்கினேன். இப்படிக் கத்தியதற்காகவே தோற்கடித்துவிடுவார் என்று நினைத்தேன்.

எஞ்சினை அணைத்த பிறகு, நீ கத்தியது என்ன பாஷை என்று கேட்டார். தமிழ் என்றேன். மன்னிப்புக் கேட்கலாமா என்று வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். நானும் கிராமத்தான்தான், எங்கள் அம்மாவும் பெரியவர்களிடம் இரண்டு கையால்தான் வாங்கச் சொல்லுவார், போன தடவை நீ வாங்கியபோதே எனக்குப் புரிந்தது என்றார். புரிந்துமா தோற்கடித்தீர்கள் என்று நான் கேட்கவில்லை, முகம் கேட்டிருக்க வேண்டும். "புரிந்ததால்தான்" என்று சொல்லிவிட்டு, தேறியதற்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அன்றைக்குச் சாயந்திரம் வீட்டுக்குப் போன் பண்ணினேன். அம்மா எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். எங்கள் லயத்தில் ஒருவருக்குப் போன் வந்தால் எல்லாருக்கும் வந்த மாதிரிதான். தேறிவிட்டேன் என்றேன். ஒரே ஆரவாரம். பீலிக்கரை அக்கா, அப்ப இனி எந்தப் பள்ளிக்கூடத்தில் போடுவார்கள் என்று கேட்டது காதில் விழுந்தது. அத்தை மட்டும், நான் சொல்லிக்குடுத்ததுதான் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பா போனை வாங்கினார். வேலை எப்போது தொடங்குகிறது என்று கேட்டார். அடுத்த கிழமை என்றேன். எனக்கென்று கொடுத்திருக்கும் முதல் மாணவர் யார் என்றும் சொன்னேன். ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் சின்னத் தொரை, பெரிய தொரைக்கு அடுத்த நிர்வாகி. லீவு நாட்களில் வந்து விமானம் ஓட்டப் படிக்கிறாராம்.

"தொரையா?" என்றார்.

"ஆமாப்பா."

"அவரு எந்தப் பக்கம் ஒக்காருவாரு?"

"எடது பக்கம். நான் வலது பக்கம்."

"தப்பா ஓட்டுனாருன்னா?"

"கைய எடுங்கன்னு சொல்லிட்டு நான் எடுத்துக்குவேன். அவரு குடுத்தே ஆகணும்ப்பா. அதான் சட்டம்."

அந்தப் பக்கத்து ஆரவாரம் தேய்ந்து மறைந்தது. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை. ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு, யாருக்கும் கேட்காமல் வாசலைத் தாண்டி வெளியே நடந்து போயிருக்கிறார்.

"தாயி" என்றார், ரொம்ப மெதுவாக. "அவரு ஒழுங்கா ஓட்டுனாலும், ஒருக்கா எடுத்துப் பாரு."